பன்னிரண்டு கதவு லாண்டரி

முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்து நேராக அடுத்ததற்குப் போயிருப்பேன். இதுவரை எழுதிய கேஸ்களில் எல்லாம் ஆபீஸரம்மா துப்புத் துலக்குவார், நான் பக்கத்தில் நின்று கடிஜோக் அடிப்பேன், கடைசியில் குற்றவாளி மாட்டுவான், நாங்கள் இரண்டு பேரும் டீ குடிப்போம். இதிலும் அதெல்லாம் உண்டு. டீ மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. "அதையும் எழுது, ஒரு வரி விடாம எழுது" என்று ஆபீஸரம்மா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸரம்மா வரி இலாகாவில் வரைவுப் பிரிவின் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரிச் சட்டத்தின் விதிகளை எழுதுகிற பிரிவு அது. "ஆயினும்", "அன்றி", "மேற்படி உட்பிரிவு ஐந்தின் விளக்கம் மூன்றில் கூறியவை நீங்கலாக" என்றெல்லாம் படித்துத் தலை சுற்றியிருக்கிறீர்களே, அது எங்கள் சமையல்தான். நான் அங்கே ஆறு வருடம் அவருக்குக் கீழே எழுத்தர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்றதும் நானும் வேலையை உதறிவிட்டு, அவர் ஆரம்பித்த இந்த இரண்டாம் மாடி துப்பறியும் ஆபீசில் வந்து ஒட்டிக்கொண்டேன். வாய் ஓயாது என்பதால் எனக்குப் பெயர் ரேடியோ.

அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு அம்மாள் படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது முன்கையில் வரிசையாகப் பழைய சூட்டுக் காயங்கள். பிளாஸ்டிக் கவரில் ஒரு நோட்டீசைப் பத்திரமாக வைத்திருந்தார்.

"நான் லாண்டரியில இஸ்திரி போடறவம்மா. பதினெட்டு வருஷமாப் போடறேன். ஆனா இதுல என்னை முதலாளின்னு எழுதியிருக்காங்க."

"பதவி உயர்வுன்னா ஸ்வீட் குடுக்கணுமே அக்கா" என்றேன்.

"ரேடியோ, வால்யூமைக் குறை" என்றார் ஆபீஸரம்மா. நோட்டீசை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

'ஏழாம் எண் சலவை நிலையத்தின் உரிமையாளர்' என்று இஸ்திரி அக்காவின் பெயர் போட்டிருந்தது. வரி, வட்டி, அபராதம். அவர் இன்னும் முப்பது வருடம் இஸ்திரி போட்டாலும் அடையாத தொகை. இறுதி விசாரணை அன்றைக்கே மாலை நாலு மணிக்கு. அதில் மாறுதல் இல்லையென்றால் வீடு ஜப்தி.

"வீடுன்னு பெருசா ஒண்ணுமில்லம்மா. ஒண்ணரை ரூம். எனக்கும் என் மகளுக்கும் இருக்கிறதே அதுதான்" என்றார் இஸ்திரி அக்கா. "ஆனா தப்பு என்னோடதுதான். அதையும் சொல்லிடறேன். மாசம் இருபதாம் தேதி ஆனா ஏழாம் நம்பர் மெஷினுக்கு உறை போட்டு மூடிடணும், அதுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. வருஷக் கடைசி மாசத்துல குழந்தைங்க ஆஸ்பத்திரியில அவங்க மெஷின் கெட்டுப் போச்சு. படுக்கை விரிப்பு மூட்டை மூட்டையா வந்துடுச்சு. முதலாளி ஊர்ல இல்ல. பச்சைக் குழந்தைங்க எதுமேல படுக்கும்? நான்தான் உறையை எடுத்துட்டு மூணு நாள் ஓட்டிட்டேன்."

"ஓடற மெஷினுக்கு எதுக்கு உறை? அது ரிப்பேரா?"

"ஜம்முனு ஓடும்மா. ஆனா மாசக் கடைசியில எல்லா மெஷினுக்கும் ஒவ்வொண்ணா உறை போட்டுடுவோம்."

"உரிமையாளர்னு கையெழுத்து எப்போ போட்டீங்க?"

"மூணு வருஷம் முன்னாடி ஒரு பேப்பர்ல போட்டேன். புது இஸ்திரிப் பெட்டி வந்ததுக்கு ரசீதுன்னு சொன்னாங்க."

"எந்த லாண்டரி?"

"பன்னிரண்டு கதவு லாண்டரின்னு சொல்லுவாங்கம்மா."

நான் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆபீஸரம்மா அவருக்கு விளக்கினார். வரிச் சட்டத்தைப் புரியும்படி சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். "சின்ன வியாபாரத்துக்கு வரி கிடையாது. வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு வரம்பு. அதைத் தாண்டிட்டா, தாண்டினதுக்கு மட்டும் இல்ல, முதல் துணியிலேர்ந்து வரி. பெரிய முதலாளி ஒருத்தர் கடையைத் துண்டு துண்டாக் காட்டினா எல்லாத்தையும் கூட்டிடுவாங்க. ஆனா ஒரே கட்டடத்துல நிஜமாவே வேற வேற ஆளுங்க சின்னச் சின்னதா கடை வெச்சிருந்தா கூட்டக் கூடாது. வேற வேற ஆளுன்னு எப்படி நம்பறது? தனி வாசல், தனி மீட்டர், தனி பில் புக். மூணும் இருந்தாத் தனி வியாபாரம்."

"அந்தக் கணக்குல எங்க வீட்டுல நானும் என் மனைவியும் தனி வியாபாரம் மேடம். வாசல் ஒண்ணுதான் இடிக்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரும். வரவில்லை.

"உங்க முதலாளி லாண்டரியைப் பன்னிரண்டாப் பிரிச்சு, மெஷினுக்கு ஒரு ஆளை முதலாளியாக்கியிருக்கார். ஏழு உங்க தலையில. எந்த மெஷினும் வரம்பைத் தாண்டாம இருக்கத்தான் உறை, நீங்க ஓட்டின மூணு நாள்ல ஏழு தாண்டிடுச்சு. பேப்பர்ல எல்லாம் சுத்தமா இருக்கு. இதை உடைக்க ஒரே வழிதான் இருக்கு. இது பன்னிரண்டு பேரோட வியாபாரம் இல்ல, ஒருத்தர் வரியைத் தவிர்க்கப் போட்ட திட்டம்னு அந்தத் திட்டத்தைப் போட்டுக் குடுத்தவனே எழுத்துல சொல்லணும். அப்போ பாரம் அத்தனையும் நிஜ முதலாளி மேல போயிடும். இந்த மாதிரி வேலையை லாண்டரிக்காரர் சொந்த மூளையால பண்ணியிருக்க மாட்டார். யாரோ எழுதிக் குடுத்திருக்கான். நாலு மணிக்குள்ள அவனைப் பிடிக்கறேன். நீங்க நேரா வரி ஆபீசுக்குப் போய் உக்காருங்க."

இஸ்திரி அக்கா எழுந்து கும்பிட்டார். என்னையும் பார்த்துக் கும்பிட்டார். "தம்பி, நீங்களும் கொஞ்சம் பாருங்க தம்பி."

"பார்த்துடலாம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

*

லாண்டரி ஒரு நீளமான ஒற்றைக் கட்டடம். தெருவைப் பார்த்த சுவரில் பன்னிரண்டு கதவுகள், எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை பெயிண்ட், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எண். கதவுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் சாய்ந்து நிற்கத்தான் இடம் இருந்தது.

"அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பாகம் பிரிச்சாக்கூட இத்தனை வாசல் வைக்க மாட்டாங்க மேடம்" என்றேன். "தபால்காரர் பாவம், வயசாகித்தான் இந்தத் தெருவை விட்டு வெளியே வருவார்."

சொல்லிக்கொண்டே ஐந்தாவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஆபீஸரம்மா ஒரு நொடி வெளியே நின்று, நாலாவது கதவின் கீலைத் தடவிப் பார்த்தார். விரலில் தூசு. ஆறாவதிலும் தூசு. பிறகு அவரும் ஐந்தாவது வழியாகவே வந்தார்.

உள்ளே ஒரே பெரிய கூடம். பன்னிரண்டு மெஷின்கள் வரிசையாக, வயிற்றில் வெள்ளை பெயிண்டில் எண். சுவரில் பன்னிரண்டு மீட்டர்கள். ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் பன்னிரண்டு பில் புத்தகங்கள். அன்று தேதி இருபத்து நாலு. எட்டு மெஷின்கள் உறை போட்டு மூடிக் கிடந்தன. மீதி நாலும் மாடு மாதிரி உழைத்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் இஸ்திரி மேஜைகளில் ஏழெட்டுப் பெண்கள், கழுத்தில் ஈரத் துண்டோடு. ஆவியும் சூடும் சேர்ந்து முகத்தில் அடித்தது. இரண்டு நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

லாண்டரிக்காரர் 'இதோ வர்றேன்' என்று சொல்லியனுப்பிவிட்டு ஒன்றரை மணி நேரம் எங்களைக் காக்க வைத்தார். அந்த நேரம் முழுக்க ஆபீஸரம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் நாலு கொக்கிகள். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமாக, வெளுத்த ஒரு தடம்.

"நாலு ஃபேன் இருந்திருக்கு ரேடியோ. கழட்டிட்டாங்க. ஏன்?"

"காத்து அடிச்சா துணி பறந்துடும் மேடம்."

"நல்ல ஜோக்" என்றார் அவர், சிரிக்காமல்.

ஒருவழியாக லாண்டரிக்காரர் வந்து எங்களைத் தன் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனார். நல்ல ஆகிருதி, விரலுக்கு ஒரு மோதிரம். அறைக்குள் குளுகுளுவென்று இருந்தது. பயப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உபசரித்தார்.

"ஏய்ப்பு வேற, தவிர்ப்பு வேற மேடம். ஏய்ச்சா ஜெயிலு. தவிர்த்தா சாமர்த்தியம். எனக்குச் சொந்தம் இந்தக் கட்டடம் மட்டும்தான். மெஷின் எதுவும் என்னுது இல்ல. ஒண்ணு என் டிரைவரோடது, ரெண்டு வாட்ச்மேன், மூணு என் மச்சான், ஒன்பது என் மாமியார்."

"ஒன்பதுதான் ரொம்ப சத்தம் போடுது" என்றேன். பழக்கதோஷம்.

"அந்த இஸ்திரி அம்மா வீடு போகப் போகுதே, தெரியுமா?" என்று கேட்டார் ஆபீஸரம்மா.

லாண்டரிக்காரரின் முகம் கொஞ்சம் இறங்கியது. "எனக்கும் மனசு கேக்கலதான். ராத்திரி சரியாச் சாப்பிடல. ஆனா நான் பணம் கட்டினா அது என் மெஷின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் பன்னிரண்டும் என் தலையில வந்து விழும். உதவக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கு, பாருங்க."

பீரோவைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். பதினாலு பக்கம். பிளாஸ்டிக் உறை போட்டு, மகன் வாங்கிய சான்றிதழ் போல வைத்திருந்தார். "எல்லாம் ஜெராக்ஸ்தான். ஆனா ஒவ்வொரு வரியும் சட்டம். பக்கம் பதினொண்ணு: 'ஒரு உரிமையாளருக்கு நெருக்கடி வந்தால் கட்டட உரிமையாளர் எவ்வகையிலும் உதவக் கூடாது.' பக்கம் ஒன்பது: 'பொது மின்விசிறி கூடாது. பொதுவான பொருள் எதுவும் ஒரே வியாபாரம் என்பதற்குச் சாட்சியாகும்.' அதான் ஃபேனைக் கழட்டினேன். யாரோட மீட்டர்ல ஓடுதுன்னு கேள்வி வரும் பாருங்க. போன கோடையில ரெண்டு பொண்ணுங்க மயக்கம் போட்டு விழுந்தாங்க. என்ன பண்றது, சட்டம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கழுத்துத் துண்டைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"இதுல ஒரு குறைதான் மேடம்" என்றார் லாண்டரிக்காரர். "டைப் அடிச்சவர் கவனமா அடிக்கல. ஒவ்வொரு பக்கத்தோட கடைசி வார்த்தையும் அடுத்த பக்கத்துல முதல்ல மறுபடி வந்துடுது."

ஆபீஸரம்மா அந்தக் காகிதங்களை வாங்கி மெதுவாகப் புரட்டினார். பதினாலாம் பக்கம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் எழுதினது?"

"ஒரு புரோக்கர் கொண்டாந்து வித்தார். அவர் போன வருஷம் தவறிட்டார். எழுதினவரை நான் பார்த்ததே இல்ல. கதவுக்கெல்லாம் அளவெடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போனாராம், நான் இல்லாதப்போ. வேணும்னா ஒரு காப்பி எடுத்துக்கோங்க. பேர் கிடையாது, கையெழுத்து கிடையாது. வெறும் காகிதத்தை வெச்சு என்ன பண்ணிடப் போறீங்க?" என்று சொல்லிச் சிரித்தார்.

*

பஸ்ஸில் ஆபீஸரம்மா அந்தக் காப்பியை என் மடியில் போட்டார். "படி."

"கண்ணாடி கொண்டு வரல மேடம்."

"உன் நெத்தி மேல இருக்கு."

போட்டுக்கொண்டேன். படிக்கிற மாதிரி பக்கங்களைத் திருப்பினேன்.

"இடது ஓரம் பார்த்தியா? எல்லாப் பக்கத்துலயும் மேலேர்ந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டை உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம பழைய வரி ஆபீசுக்கு எதிர்ல இருந்த ஜெராக்ஸ் கடை. அந்த மெஷின் கண்ணாடியில ஒரு கீறல். நமக்கு வர்ற மனு அத்தனையிலயும் அந்தக் கோடு இருக்கும். எழுதினவன் அங்கதான் காப்பி எடுத்திருக்கான். கடைக்காரம்மாவுக்கு முகம் ஞாபகம் இருக்கும். காட்டினாச் சொல்லிடுவாங்க."

"சூப்பர் மேடம்" என்றேன். பிறகு இரண்டு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகம் இல்லை.

ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. 'சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன், பத்து நிமிடத்தில் வருவேன்' என்று அட்டை தொங்கியது. மணி மூன்று இருபது. வாசலில் ஒரு மரப் பெஞ்சு. ஆபீஸரம்மா உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"பத்து நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா சொல்லு."

"எதைப் பத்தி மேடம்?"

அவர் தெருவைப் பார்த்தபடியே பேசினார். "பன்னிரண்டு கதவு. பதினொண்ணு திறந்து வருஷக்கணக்காச்சு. நீ ஜோக் சொல்லிக்கிட்டே போய் நேரா ஐந்தாவதைத் தள்ளினே. ஒண்ணாவதைத் தள்ளிப் பார்க்கல, தட்டிப் பார்க்கல. எனக்குப் புரியல. அப்புறம் பக்கம் நாலுல படிச்சேன்: 'ஓரக் கதவு கூடாது, ஐந்தாவதை மட்டும் புழக்கத்தில் வைக்கவும்.'"

நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் அபூர்வமான சம்பவம்.

"நம்ம பிரிவுல ஒரு தடவை விதிக்கு நடுவுல எவனோ ஒரு பக்கத்தைச் செருகிட்டான். அதுக்கப்புறம் நான் ஒரு பழக்கம் கொண்டு வந்தேன். பக்கத்தோட கடைசி வார்த்தையை அடுத்த பக்கத்துத் தலையில மறுபடி எழுதணும். நடுவுல எதைச் செருகினாலும் ஒட்டாது. அந்தப் பழக்கம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. எனக்குக் கீழே அதைச் செஞ்சவங்க மூணு பேர். ஒருத்தர் செத்துட்டார். இன்னொருத்தருக்கு இவ்வளவு நல்லா எழுத வராது."

"மேடம்..."

"நீ பயந்தா ஜோக் அடிப்பே. காலையிலேர்ந்து எண்ணிட்டிருக்கேன்."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில், ஜெராக்ஸ் கடை வாசலில், பட்டப்பகலில். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு வரி விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்.

"நான்தான் மேடம். மூணு வருஷம் முன்னாடி, உங்க பிரிவுல இருந்தப்பவே எழுதினேன். அந்த ஞாயித்துக்கிழமை அளவெடுக்கப் போனதும் நான்தான். அன்னிக்கு உள்ளே வேலை இல்ல, மெஷினெல்லாம் நின்னுட்டிருந்துச்சு. ஒரு ஆளைக்கூட நான் பார்க்கல. கூரையில நாலு ஃபேன் சுத்திட்டிருந்துச்சு. 'இது மாட்டிவிட்டுடும்'னு குறிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் தோணுச்சு."

"காசுக்கா?"

"காசும்தான். ஆனா சத்தியமாச் சொல்றேன், அதைவிட ஒரு திமிர். இந்தச் சட்டத்துல ஓட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு காட்டணும்னு இருந்துச்சு. எழுதி முடிச்சப்போ எனக்கே கைதட்டணும் போல இருந்துச்சு மேடம்."

"காசை என்ன பண்ணினே?"

"வீட்டுக்கு ஏ.சி. வாங்கினேன்."

ஆபீஸரம்மா என் பக்கம் திரும்பினார். அந்த ஏ.சி. அவருக்குத் தெரியும். மாட்டிய வாரமே வீட்டுக்கு அழைத்து, ரிமோட்டைக் கையில் கொடுத்துக் காட்டியிருந்தேன். என் மனைவி ஜூஸ் போட்டுக் கொடுத்தாள்.

"நானும் அதுல உக்காந்துட்டுத்தான் போனேன்" என்றார் அவர். "தனி வாசல், தனி மீட்டர், தனி பில் புக். அந்த விலக்கை எழுதினது யார் தெரியுமில்ல? நான். ஒரு கட்டடத்துல அக்கா தங்கச்சிங்க மூணு பேர், தையல் கடை, வளையல் கடை, பூக்கடை வெச்சிருந்தாங்க. அவங்களைக் கூட்டி வரி போட்டுட்டாங்கன்னு அழுதுட்டு வந்து நின்னாங்க. அவங்களுக்காக எழுதினேன். நல்லது பண்றோம்னு நினைச்சேன். இதுல பன்னிரண்டு கதவு வரும்னு யோசிக்கல. யோசிச்சிருக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

"உங்களுக்கு எப்போ தெரியும் மேடம்?"

"காலையில டீயைக் கீழே வெச்சியே, அப்போ சந்தேகம். ஐந்தாவது கதவுல நிச்சயம். லாண்டரியிலேர்ந்து இங்க வர இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு. நீயே சொல்லுவேன்னு பஸ்ல காத்துட்டிருந்தேன்."

அப்போது ஒரு பெண் சாவியோடு வேகமாக வந்து ஷட்டரை மேலே தள்ளினாள். நான் முகத்தைத் தாழ்த்திக்கொண்டேன். தாழ்த்தி என்ன பயன் என்று நானே நிமிர்ந்தேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொல்லுங்க சார், என்ன வேணும்? புதுசா வர்றீங்களா? காப்பியா, பிரிண்டா?"

நான் திகைத்துப்போய் ஆபீஸரம்மாவைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"கடை கைமாறி எட்டு மாசம் ஆச்சு" என்றார். "பழைய கடைக்காரம்மா மெஷினை எடைக்குப் போட்டுட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க முகவரி யார்கிட்டயும் இல்ல."

"அப்போ... சாட்சி?"

"சாட்சி கிடையாது. கதவும் பழக்கமும் எனக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. லாண்டரிக்காரர் சொன்னதுதான். வெறும் காகிதம். உன் வாய் ஒண்ணுதான் இருக்கு. அரசாங்க வேலையில இருந்துக்கிட்டு இதை எழுதி வித்திருக்கே. ஒத்துக்கிட்டா அபராதத்தோட போகாது, வழக்கு வரும். உள்ளேகூட வைக்கலாம். நான் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன்." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "மணி மூணு முப்பத்தஞ்சு. எதிர்ல வரி ஆபீஸ். இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். நான் ரோட்டைத் தாண்டறேன். நீ எங்க போறேன்னு திரும்பிப் பார்க்க மாட்டேன்."

சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் போனார். என் வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. பொய் சொல்லக் கூடாது, நான் அதைப் பார்த்தேன். நடத்துநர் என்னைப் பார்த்து "வர்றீங்களா?" என்று கூடக் கேட்டார். லாண்டரியில் அந்தப் பெண் கழுத்துத் துண்டைப் பிழிந்தது கண் முன்னால் வந்தது. "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

*

விசாரணை அறைக்கு வெளியே நடைபாதையில் இஸ்திரி அக்கா உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஒரு ஃபேன் சுற்றியது. மடியில் ஒரு தாள், கையில் பேனா.

"முதலாளி இப்பத்தான் ஆள்கிட்ட குடுத்தனுப்பினார் தம்பி. ஏழாம் நம்பர் என்னுதுதான், தெரியாமப் பண்ணிட்டேன், தவணையில கட்டறேன்னு எழுதியிருக்காம். கையெழுத்து போட்டா அதிகாரி மனசு இறங்குவாராம். தப்பு என்னோடதுதானே, போட்டுடவா?"

ஆபீஸரம்மா சுவரோரமாக நின்றார். உதவிக்கு வரவில்லை.

"போடாதீங்க அக்கா" என்றேன். "தப்பு உங்களோடது இல்ல. குழந்தைங்க துணியைத் துவைச்சதுல என்ன தப்பு? அந்தப் பன்னிரண்டு கதவு, மெஷினுக்கு உறை, புது இஸ்திரிப் பெட்டி ரசீதுன்னு கையெழுத்து வாங்கறது, எல்லாத்தையும் ஒரு ஆளு உக்காந்து யோசிச்சு எழுதிக் குடுத்தான். அந்த ஆளு நான்தான் அக்கா. காலையில நீங்க கும்பிட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

இஸ்திரி அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார், அழுவார், கையில் இருப்பதை விட்டெறிவார் என்று எதிர்பார்த்தேன். அதில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் அண்ணாந்து தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஃபேனைக் கழட்டச் சொன்னதும் நீங்களா தம்பி?"

"ஆமா அக்கா."

"ஏன் தம்பி?"

ஆறு வருடம் சட்டம் எழுதியவன். பதினாலு பக்கத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து பியூன் வந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். நாலாக ஐந்து நிமிடம். இஸ்திரி அக்கா மடியில் இருந்த தாளை எடுத்து, எழுத்து இருந்த பக்கத்தைக் கீழே திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலாக வைத்து என்னிடம் நீட்டினார். பேனாவையும் கொடுத்தார்.

"எழுதுங்க தம்பி. நேரமாச்சு."

பெஞ்சின் விளிம்பில் தாளை வைத்து, தரையில் முழங்காலிட்டு எழுதினேன். திட்டம் யாருக்காக, யார் மூலம் விற்கப்பட்டது, பன்னிரண்டு பேரும் எப்படிப் பெயரளவுக்கு மட்டும் உரிமையாளர்கள், கதவுகள் எதற்கு, உறைகள் எதற்கு. 'ஆயினும்' ஒன்றுகூட இல்லை. 'நீங்கலாக' எதுவும் இல்லை. 'பக்கம் ஒன்பதில் பொது மின்விசிறி கூடாது என்று எழுதியவன் நான்' என்ற வரியோடு தாளின் அடி வந்துவிட்டது.

ஆபீஸரம்மா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். கை பழக்கத்தை விடவில்லை. புதுத் தாளின் தலையில் அந்தக் கடைசி வார்த்தையை மறுபடி எழுதினேன். 'நான்' என்று எழுதிவிட்டு, அதற்கடுத்து என் முழுப் பெயரை எழுத ஆரம்பித்தேன்.